தேதியும் தொகையும்: அரசுப் பணியில் ஊதியம், ஓய்வூதியம், பயிற்சி முடிவாகும் விதம்

இந்தியாவில் அரசு ஊழியரின் சம்பளம் இவ்வளவு என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அரசியலமைப்பின் 309ஆம் பிரிவு, பணி நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தருகிறது. அவை சட்டம் இயற்றும் வரை குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் விதிகள் வகுத்துக்கொள்ளலாம் என்றும் அது அனுமதிக்கிறது. ஊதியத்தைப் பொறுத்தவரை அந்த இடைக்கால அனுமதிதான் இன்றுவரை நிரந்தர வழியாக இருந்துவருகிறது. நிதித்துறை விதிகளைத் தயாரிக்கிறது, அமைச்சரவை ஒப்புகிறது, அரசாணை வெளியாகிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கையில் மொத்தத் தொகைக்கு இசைவு தருவதோடு சரி. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்ற இரண்டு கேள்விகளும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன. இவற்றில் தேதி பற்றிய கேள்வியே பல சமயங்களில் தொகையைவிடக் கனமானது என்பதை இந்த ஏற்பாட்டின் வரலாறு முழுக்கக் காணலாம்.

ஊதியக் குழு என்ற அமைப்பும் அப்படியே நிர்வாகத்தின் படைப்பு. மத்திய, மாநில அரசுகளுக்கிடையே வரிப்பணத்தைப் பங்கிடும் நிதிக் குழுவுக்கு அரசியலமைப்பில் 280ஆம் பிரிவு இருக்கிறது. ஊதியக் குழுவுக்கு அப்படி ஒரு பிரிவும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரிந்துரைகளை ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்கமும் ஊழியர் சங்கங்களின் அழுத்தமும் சேர்ந்துதான் 1946 முதல் எட்டுக் குழுக்களைக் கொண்டுவந்திருக்கின்றன.

முதல் குழு சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் 1946இல் அமைந்து 1947இல் அறிக்கை தந்தது. அதற்கு முன் ஆங்கிலேய ஆட்சியில் இஸ்லிங்டன் குழு வகுத்த அளவுகோல் நடைமுறையில் இருந்தது: தகுதியானவர்கள் பணிக்கு வர, மதிப்போடு வாழ, சபலத்துக்கு இடம்கொடாமல் திறமையாக வேலைபார்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம். மேல்நிலை அதிகாரிக்கு அந்த அளவுகோல் தாராளமாகப் பொருந்தியது. கடைநிலை ஊழியர் விஷயத்தில், வேலை தேடி வருவோர் ஏராளம் என்பதால், கூலியை அடிமட்டத்திலேயே வைத்திருக்கப் பயன்பட்டது. வரதாச்சாரியார் குழு இந்த இடத்தில்தான் வேறுபட்டது. வாழ்வதற்குப் போதுமான ஊதியம் என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகச் சொன்னது.

அந்தக் கருத்துக்குக் கணக்கு வடிவம் கிடைத்தது 1957இல். அந்த ஆண்டின் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணிக்கப்பட வேண்டும் என்று நெறிகளை வகுத்தது. ஒரு குடும்பம் என்பது மூன்று நுகர்வு அலகுகள்: சம்பாதிப்பவர் ஒன்று, துணைவர் 0.8, இரண்டு குழந்தைகள் தலா 0.6. உணவுக்கு டாக்டர் அய்க்ராய்டு பரிந்துரைத்த அளவுகள். துணிக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 18 கஜம், நால்வருக்கு 72 கஜம். அதற்குமேல் வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, மற்றவற்றுக்கு 20 விழுக்காடு. வாலஸ் அய்க்ராய்டு 1935 முதல் பத்தாண்டுக் காலம் நீலகிரியின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர். இந்தியர்களின் உணவில் எது எவ்வளவு இருக்கிறது, எது குறைகிறது என்று அங்கே நடந்த ஆய்வுகளின் மேல்தான் அந்தக் கணக்கு நின்றது. டெல்லியில் தீர்மானிக்கப்படும் கடைநிலை ஊழியரின் சம்பளத்துக்குக் குன்னூரில் ஒரு வேர் இருக்கிறது.

மாநாட்டின் நெறியில் அரசும் ஒரு தரப்பு. ஆனால் அதே 1957இல் அமைந்த ஜகந்நாத் தாஸ் தலைமையிலான இரண்டாம் ஊதியக் குழு, அந்த நெறியைத் தன்னைக் கட்டுப்படுத்துவதாக ஏற்க மறுத்தது. நாட்டின் பொருளாதாரம் தாங்காது என்றது. 1959இல் அது பரிந்துரைத்த குறைந்தபட்ச ஊதியம் 80 ரூபாய். அடுத்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1968 செப்டம்பர் 19 அன்று மீண்டும் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் என்பதே மையக் கோரிக்கை. இரண்டு போராட்டங்களையும் அவசரச் சட்டங்களைக் கொண்டு அரசு ஒடுக்கியது. தனியார் முதலாளிகளுக்கு விதித்த அளவுகோலைத் தன் ஊழியருக்குப் பொருத்த அரசு தயங்கியதுதான் அந்தப் பத்தாண்டின் சண்டை.

அந்தச் சண்டையின் ஒரு விளைவு 1966இல் உருவான கூட்டு ஆலோசனை அமைப்பு. அதன் தேசியக் குழுவுக்கு மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைவர். ஒரு பக்கம் அரசுத் தரப்பு, எதிர்ப்பக்கம் ஊழியர் தரப்பு. பேச்சில் உடன்பாடு வராவிட்டால் சில விஷயங்களைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு அனுப்பலாம். ஊதியமும் படிகளும், வாரத்துக்கான வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றுதான் அந்தப் பட்டியல். அந்தத் தீர்ப்பையும் தேச நலன் கருதி மாற்றவோ நிராகரிக்கவோ நாடாளுமன்றத்தால் முடியும். வங்கி ஊழியர் நிலையோடு ஒப்பிட்டால் இந்த அமைப்பின் வரம்பு விளங்கும். அங்கே 1966 முதல் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் நேருக்கு நேர் பேசி இருதரப்பு ஒப்பந்தம் போடுகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊதியம் மாறுகிறது. தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்கும் பேசி முடிக்கும் ஒப்பந்தம்தான். அரசு அலுவலகத்தில் மட்டும் கோரிக்கை மனு கொடுத்து, குழுவின் முன் வாதாடி, அரசாணைக்குக் காத்திருக்க வேண்டும்.

ரகுபீர் தயாள் தலைமையில் மூன்றாம் குழு 1970இலும், பி.என். சிங்கால் தலைமையில் நான்காம் குழு 1983இலும் அமைந்தன. நான்காம் குழுவின் ஊதியம் 1986 ஜனவரி 1 முதல் அமலானது; குறைந்தபட்சம் 750 ரூபாய். அதிலிருந்துதான் பத்தாண்டுச் சுழற்சி நிலைபெற்றது: 1996, 2006, 2016, எப்போதும் ஜனவரி 1.

ஐந்தாம் குழுவுக்குத் தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த திருநெல்வேலிச் சீமைக்காரர் எஸ். இரத்தினவேல் பாண்டியன். 1997 ஜனவரியில் வந்த அவர் அறிக்கை ஊதிய உயர்வை மட்டும் பேசவில்லை. பணியாளர் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளில் 30 விழுக்காடு குறைக்க வேண்டும், காலியிடங்களை ஒழிக்க வேண்டும், அலுவலக நடைமுறையைச் சீர்திருத்த வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொன்னது. அரசு உயர்வை ஏற்றுக்கொண்டது, குறைந்தபட்சத்தை 2,440இலிருந்து 2,550 ஆகவும் கூட்டியது. மற்றவற்றைக் கிடப்பில் போட்டது. ஓய்வு வயது 1998இல் 58லிருந்து 60 ஆனது. பல மாநிலங்கள் மத்திய ஊதியத்தை அப்படியே பின்பற்றிவிட்டுக் கடனில் சிக்கின. ஊதியமும் நிர்வாகச் சீர்திருத்தமும் ஒரே கட்டில் வந்தால் முதலாவதை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதிருந்து மாறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆறாம் குழு, பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில், பல பத்துக் கணக்கில் பெருகிக்கிடந்த ஊதிய விகிதங்களைச் சில ஊதியக் கட்டுகளாகச் சுருக்கி, தர ஊதியம் என்ற ஒன்றைச் சேர்த்தது. எல்லோருக்கும் ஆண்டு ஊதிய உயர்வு 3 விழுக்காடு என்பதும் அப்போது வந்ததே. ஏ.கே. மாத்தூர் தலைமையிலான ஏழாம் குழு 2015 நவம்பரில் அறிக்கை தந்து, கட்டுகளையும் தர ஊதியத்தையும் எடுத்துவிட்டு ஊதிய அட்டவணையைக் கொண்டுவந்தது. மேலிருந்து கீழே ஆண்டுதோறும் ஒரு படி. இடமிருந்து வலமாகப் பதவி உயர்வு. தன் சம்பளம் இருபது ஆண்டு கழித்து எங்கே நிற்கும் என்பதை ஓர் ஊழியர் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது. வெளிப்படைத் தன்மைக்கு இது பெரிய முன்னேற்றம்.

அய்க்ராய்டு கணக்கை முழு ஈடுபாட்டோடு எடுத்துப் போட்டதும் மாத்தூர் குழுதான். அரிசி அல்லது கோதுமை, பருப்பு, காய்கறி, பால், எண்ணெய், மீன், முட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்து, விலை போட்டு, அதே 72 கஜத் துணியை மாதத்துக்கு 5.5 மீட்டர் ஆக்கி, எரிபொருள், விசேஷங்கள், திறன், வீடு ஆகியவற்றுக்கு விகிதம் சேர்த்து 18,000 ரூபாய் என்ற எண்ணை அடைந்தது. இதற்கு முன் 7,000 ரூபாயாக இருந்த குறைந்தபட்சத்தோடு வகுத்தால் கிடைப்பதே பேர்பெற்ற 2.57 மடங்கு. ஊழியர் கூட்டங்களில் முழங்கும் அந்த எண்ணைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2016 தொடக்கத்தில் அகவிலைப்படி 125 விழுக்காடாக இருந்ததால், பழைய சம்பளத்தின் 2.25 மடங்கு ஏற்கனவே கையில் வந்துகொண்டிருந்தது. மெய்யான உயர்வு சுமார் 14 விழுக்காடு. எட்டாம் குழுவைப் பற்றிய பேச்சிலும் மடங்கு எண்தான் தலைப்பாகிறது. அகவிலைப்படி அதற்குள் கரைவதைப் பெரும்பாலான செய்திகள் விட்டுவிடுகின்றன.

உச்சத்தில் அமைச்சரவைச் செயலாளருக்கு 2,50,000 ரூபாய். அடிக்கும் நுனிக்கும் விகிதம் ஏறக்குறைய 1:14. இந்தியச் சூழலில் கடைநிலை அரசு ஊழியர் தனியார் துறையில் அதே வேலை பார்ப்பவரைவிட நன்றாகவும், உச்ச அதிகாரி தனியார் மேலாளரைவிடக் குறைவாகவும் பெறுகிறார். இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. வயிற்றுக் கணக்கிலிருந்து தொடங்கும் எந்த முறையும் இந்த வடிவத்தில்தான் வந்து நிற்கும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டாம் குழுவுக்கு 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. ஆய்வு வரம்புகள் முடிவானது அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில். தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய். அறிக்கைக்கு 18 மாத அவகாசம். நிதி ஒழுங்கு, மாநிலங்கள் மீதான தாக்கம், பங்களிப்பில்லாத ஓய்வூதியத்துக்கு நிதி ஒதுக்கப்படாத செலவு ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று வரம்புகள் சொல்கின்றன. கடைசியாகச் சொன்னது ஓய்வூதியர் அமைப்புகளைக் கலங்க வைத்திருக்கிறது.

இரண்டு குழுக்களுக்கு இடையிலுள்ள பத்தாண்டில் சம்பளத்தைக் காப்பது அகவிலைப்படி. மத்தியத் தொழிலாளர் பணியகம் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதன் பன்னிரண்டு மாதச் சராசரியை அடிப்படை எண்ணோடு ஒப்பிட்டு ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு இருமுறை படி கணிக்கப்படுகிறது. அறிவிப்பு இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும். இடைப்பட்ட தொகை நிலுவையாகச் சேரும். 2025 ஜூலை கணக்குப்படி விகிதம் 58 விழுக்காடு. தமிழ்நாட்டில் 19,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கு அது 11,310 ரூபாய். பேச்சுவார்த்தையோ கருணையோ இல்லாமல் சூத்திரமே ஓடுவது இந்த ஏற்பாட்டின் பலம். ஆனால் சூத்திரத்தையும் நிறுத்திவைக்க முடியும் என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரையிலான மூன்று தவணைகளை மத்திய அரசு முடக்கியது. 2021 ஜூலையில் 17லிருந்து 28 விழுக்காடாக உயர்த்தியபோதும் இடைக்கால நிலுவையைத் தரவில்லை. தமிழ்நாடு இன்னும் ஆறு மாதம் தள்ளி, 2022 ஜனவரி 1 முதல்தான் 31 விழுக்காட்டுக்கு வந்தது.

மாநிலத்தின் தனிப்பாதையைச் சற்று விளக்க வேண்டும். 1960 முதல் தமிழ்நாடு தனக்கென ஊதியக் குழுக்களை அமைத்துவந்தது. எண்பதுகளின் இறுதியில் மத்திய அரசுக்கு இணையான ஊதியம் என்ற கொள்கையை ஏற்றபின், மத்தியக் குழுவின் பரிந்துரையை மாநிலத்துக்கு எப்படிப் பொருத்துவது என்று பார்க்கும் அலுவலர் குழு போதுமென்றாகிவிட்டது. 2017இல் அப்படி ஒரு குழுவின் பரிந்துரைப்படி அந்த ஆண்டு அக்டோபரில் திருத்திய ஊதிய விதிகள் வந்தன. அதே 2.57 மடங்கு, குறைந்தபட்சம் 15,700 ரூபாய். 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாகவும் 2017 அக்டோபர் 1 முதல் பணப்பயனாகவும் என்று அரசாணை சொன்னது. அதாவது 21 மாத நிலுவை கிடையாது. மத்திய அரசுக்கு இணை என்பது மடங்கில் இருந்தாலும் தேதியில் இல்லை.

ஊதியக் குழு யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதும் தொகையைப் போலவே முக்கியம். கிராம அஞ்சல் ஊழியர்கள் அதற்கு வெளியே. அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனிக்குழு. அவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான் என்று ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இலேயே கூறியும் அந்த நிலை நீடிக்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்கிறார்கள்; ஓய்வுக்குப்பின் அவர்களுக்கு மிகச் சிறிய சிறப்பு ஓய்வூதியம்தான். தொகுப்பூதியத்திலும் வெளிமுகமை மூலமும் வருவோர் நிலை இதைவிட மோசம். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற கோட்பாடு தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வெளிமுகமை வழியாக ஆளெடுத்தால் அந்தத் தீர்ப்புக்கு எட்டாமல் நழுவ இடம் கிடைத்துவிடுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் 2.57 மடங்கும், அந்தப் பக்கம் மாதத் தொகுப்பூதியமும் வாங்குவோர் ஒரே கோப்பைப் பார்க்கும் அலுவலகங்களை நியாயமானவை என்று சொல்ல வழியில்லை.

ஊதியத்துக்குக் குழு என்றால் ஓய்வூதியத்துக்கு நீதிமன்றம். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதை அரசின் அருளாகவே கருதியது. 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தைச் சொத்துரிமை என்று கூறியது. திருப்புமுனை 1982 டிசம்பர் 17 அன்று வந்தது. 1979இல் மத்திய அரசு ஓய்வூதியச் சூத்திரத்தைத் தாராளமாக்கி, அந்த ஆண்டு மார்ச் 31 முதல் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியிருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதி ஆலோசகராக இருந்து அதற்கு முன்பே ஓய்வுபெற்ற டி.எஸ். நகாரா வழக்குத் தொடுத்தார். ஒரே வகைப்பட்ட ஓய்வூதியரை ஒரு தேதியால் இரண்டாகப் பிளப்பது சமத்துவத்துக்கு முரண் என்றும், ஓய்வூதியம் கொடையல்ல, செய்த பணிக்கான உரிமை, முதுமைக்கான சமூகப் பாதுகாப்பு என்றும் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் நாள்.

நகாராவின் வீச்சைப் பின்வந்த தீர்ப்புகள் குறுக்கின. 1990இல் கிருஷ்ணகுமார் வழக்கில், வருங்கால வைப்பு நிதித் திட்டத்தைத் தேர்ந்த ரயில்வே ஊழியர் வேறு வகுப்பு, ஓய்வூதியம் தேர்ந்தவர் வேறு வகுப்பு என்றானது. புதிய பயனுக்கு நிதி நிலையைக் கருதித் தேதி குறிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்ற நிலை மெல்ல உறுதிப்பட்டது. அந்த இடைவெளி வழியாகத்தான் இருபத்தோராம் நூற்றாண்டின் பெரிய பிளவு நுழைந்தது.

பழைய திட்டம் எளிமையானது. மத்திய அரசில் பத்து ஆண்டுத் தகுதிப் பணி இருந்தால் கடைசி ஊதியத்தில், அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரியில், எது அதிகமோ அதில் பாதி ஓய்வூதியம். ஒவ்வொரு அகவிலைப்படி உயர்வும் அதற்கும் உண்டு. ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெறலாம். மத்தியில் 40 விழுக்காடு வரை, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை. மறைவுக்குப்பின் துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம். மத்திய அரசில் 80 வயதில் 20 விழுக்காடு கூடுதல், 100 வயதில் இரட்டிப்பு. ஊழியர் ஓய்வூதியத்துக்கென்று எதையும் செலுத்துவதில்லை. அரசும் எதையும் சேர்த்துவைப்பதில்லை. அன்றைய வரி வருவாயிலிருந்து அன்றைய ஓய்வூதியம். ஆயுட்காலம் கூடக்கூட இந்த ஏற்பாடு கனத்தது. இப்போது மத்திய அரசில் பணியிலிருப்போர் சுமார் 49 லட்சம். ஓய்வூதியர் 68 லட்சத்துக்கு மேல்.

மத்திய அரசு 2003 டிசம்பர் 22 அறிவிப்பின்படி, 2004 ஜனவரி 1 முதல் சேர்வோருக்கு, முப்படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் 10 விழுக்காடு செலுத்த, அரசு 10 விழுக்காடு (2019 ஏப்ரல் முதல் 14) சேர்க்கும். தொகை சந்தையில் முதலீடாகும். ஓய்வின்போது குறைந்தது 40 விழுக்காட்டுக்கு ஆண்டுத்தொகை வாங்க வேண்டும். இதில் சூதாட்டம் ஒன்றுமில்லை, ஆனால் உத்தரவாதமும் இல்லை. முதுமையின் அபாயம் அரசின் தோளிலிருந்து தனிமனிதர் தோளுக்கு மாறியது.

தமிழ்நாடு அதற்கு முன்பே நகர்ந்திருந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்ற அரசாணை அந்த ஆண்டு ஆகஸ்டில், அதாவது தேதி கடந்தபின் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், பறிக்கப்பட்ட சலுகைகளுக்கு எதிராக ஜூலை 2 முதல் ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்ததும், அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதும் நடந்தன. டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்க வழிசெய்தது; ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, தார்மிக அடிப்படையிலும் இல்லை என்று கூறியது. பேரம் பேசும் மேசையும் இல்லை, வேலைநிறுத்த உரிமையும் இல்லை என்றால் மிஞ்சுவது தேர்தல் ஒன்றே. பழைய ஓய்வூதியம் அதன்பின் தேர்தல் வாக்குறுதியாகவே வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு ஒரு தனிச்சிக்கல். பிற மாநிலங்கள் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வந்தபோது இந்த மாநிலம் சேரவில்லை. பிடித்த தொகை அரசிடமே இருந்து, ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலும் கருவூல உண்டியல்களிலும் முதலீடானது. பழைய உத்தரவாதமும் இல்லாமல், புதிய திட்டத்தின் மாத ஓய்வூதியமும் இல்லாமல், ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்த தொகையை வட்டியோடு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு திட்டங்களின் குறைகளும் ஒருங்கே சேர்ந்த ஏற்பாடு இது.

ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் ஆகியவை 2022, 2023இல் பழைய திட்டத்துக்குத் திரும்ப முடிவெடுத்தன. மேற்கு வங்கம் ஆரம்பத்திலிருந்தே மாறவில்லை. திரும்பினால் நீண்டகாலச் சுமை தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப்போல் 4.5 மடங்கு வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வு எச்சரித்தது. தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியும் அப்போதைய நிதிச் செயலாளருமான டி.வி. சோமநாதன் தலைமையிலான குழு நடுவழி ஒன்றைத் தேடியது. அதன் பயன், 2025 ஏப்ரல் 1 முதல் அமலான ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்: 25 ஆண்டுப் பணிக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி, பத்தாண்டுப் பணிக்குக் குறைந்தது 10,000 ரூபாய், குடும்பத்துக்கு 60 விழுக்காடு. ஊழியர் 10 விழுக்காடு தர, அரசின் பங்கு 18.5. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மூவர் குழு அமைத்தது. 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முதலமைச்சர் அறிவித்தார். ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பு தொடர, கடைசி ஊதியத்தில் பாதிக்கு உறுதி. உத்தரவாதம் வேண்டும், ஆனால் அதற்கென்று பணமும் சேர வேண்டும் என்ற புரிதல் இருபது ஆண்டுக்குப்பின் இரு தரப்பிலும் வந்திருக்கிறது. நல்ல மாற்றம் இது.

ஒரு மாதம் முன்னதாகப் பணி நியமன ஆணை கிடைத்தவருக்கும் பின்னர் கிடைத்தவருக்கும் முதுமை வேறாகிப்போன கொடுமைக்கு மத்திய அரசு பகுதியளவில் பரிகாரம் தேடியது. 2003 டிசம்பர் 22க்கு முன் விளம்பரம் செய்யப்பட்ட பணியிடங்களில் அதன்பின் சேர்ந்தவர்கள் ஒருமுறை மட்டும் பழைய திட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2023 மார்ச்சில் ஆணையிட்டது. தேர்வாணையத்தின் தாமதத்துக்கு ஊழியர் பொறுப்பல்ல என்று ஏற்கவே இருபது ஆண்டு பிடித்தது.

பயிற்சிக்கு இப்படிப்பட்ட வழக்குகளும் இல்லை, வேலைநிறுத்தங்களும் இல்லை. ஆனால் ஊதியத்தோடு அதை இணைத்துப் பார்த்த காலம் ஒன்று சென்னையில் இருந்தது. 1812இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸின் முன்முயற்சியில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் படித்தார்கள். தேறியவர்களுக்குப் படி உயர்வும் பரிசும் உண்டு.

விடுதலைக்குப்பின் டெல்லி மெட்காப் மாளிகைப் பயிற்சிப் பள்ளியையும் சிம்லாக் கல்லூரியையும் இணைத்து 1959இல் முசோரியில் தேசிய நிர்வாக அகாதமி அமைந்தது. பின்னாளில் லால் பகதூர் சாஸ்திரி பெயர் சூடியது. குடிமைப் பணிகளுக்குப் பொதுவான அடிப்படைப் பயிற்சி, பின் முதற்கட்டம், மாவட்டத்தில் ஓராண்டு, மீண்டும் அகாதமியில் இரண்டாம் கட்டம் என்பது ஐ.ஏ.எஸ். வரிசை. நடுப்பணிக்காலப் பயிற்சி 2007 முதல் முறைப்படுத்தப்பட்டது. உச்ச அதிகாரிக்கு ஏணி தெளிவாக இருக்கிறது.

அரசின் அன்றாடத்தை நடத்தும் உதவியாளருக்கும் இளநிலை உதவியாளருக்கும் தமிழ்நாட்டில் பவானிசாகர் இருக்கிறது. அங்குள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடிப்பது தகுதிகாண் பருவம் நிறைவடைய ஒரு நிபந்தனை. கோப்பு எழுதுவது, அலுவலக நடைமுறை, நிதி விதிகள், பணி விதிகள் எல்லாம் அங்கே. அதோடு தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகள். தமிழில் போதிய அறிவின்றிச் சேர்ந்தவர்களுக்கு இரண்டாண்டுக்குள் தமிழ்த் தேர்வு. கணக்குத் தேர்வு தேறாதவர் பதவி உயர்வுப் பட்டியலில் பின்தங்குவார். ஆக, கீழ்நிலையில் பயிற்சி என்பது வேலையைச் செம்மையாக்கும் வழியாக இருப்பதைவிட, பணிப்பதிவேட்டில் விழ வேண்டிய பதிவாகவே பெரும்பாலும் வேலைசெய்கிறது. பணியில் சேர்ந்து சில ஆண்டு கழித்து ஒருவரை அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பினால், தவறான பழக்கங்கள் ஊறியபின்தான் சரியான முறை காதில் விழும்.

தேசியப் பயிற்சிக் கொள்கை 2012இல், ஒவ்வொரு அமைச்சகமும் தன் ஊதியச் செலவில் குறைந்தது 2.5 விழுக்காட்டைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2020 செப்டம்பரில் கர்மயோகி இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. இணையவழிப் பாடங்களுக்கான தளமும், 2021இல் திறன் மேம்பாட்டு ஆணையமும் வந்தன. பதவியின் படிநிலைக்கேற்ற பயிற்சி என்பதை மாற்றி, செய்யும் வேலைக்கேற்ற பயிற்சி என்பது அதன் நோக்கம். நோக்கம் சரியானது. ஆனால் பாடம் முடித்ததற்குச் சான்று சேர்ப்பது எளிது. அது சாதிச் சான்றுக்கோ பட்டா மாறுதலுக்கோ வந்து நிற்பவரின் காத்திருப்பைக் குறைத்ததா என்று அளப்பது வேறு வேலை.

கூட்டு ஆலோசனை அமைப்பில் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகக்கூடிய மூன்று விஷயங்களில் பயிற்சி இல்லை. ஊதிய முரண்பாட்டுக்கு முரண்பாட்டுக் குழு உண்டு. ஓய்வூதியத்துக்கு நீதிமன்றம் உண்டு. தனக்குப் பயிற்சி தரப்படவில்லை என்று ஓர் எழுத்தர் முறையிட நிலையான மன்றம் எதுவும் ஏற்படுத்தப்படவில்லை, 2.5 விழுக்காடு ஒதுக்காத துறையைக் கேள்வி கேட்கும் விதியும் அந்தக் கொள்கையில் எழுதப்படவில்லை.